நாள்கணக்கில் ஓயும் கல்லீரல்

மனித உடலின் உறுப்புகளில் கல்லீரல் பொறுமைக்குப் பெயர் பெற்றது. மதுவும் கொழுப்பும் வைரஸும் ஆண்டுக்கணக்கில் அரித்தாலும் அது தன் பணியை விடாது செய்துகொண்டிருக்கும். பெரும்பகுதி தழும்பாக மாறிய பின்னரே காலில் நீர் கோப்பது, வயிறு உப்புவது போன்ற அறிகுறிகள் வெளியே தெரியத் தொடங்கும். கல்லீரல் நோய் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது மெல்ல நலியும் இந்த நிலைதான். இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்வது அதற்கு நேர்மாறானதை. நேற்றுவரை எந்தக் குறையுமின்றி இயங்கிய கல்லீரல், சில நாள்களிலோ சில வாரங்களிலோ ஒட்டுமொத்தமாக ஓய்ந்துவிடுவதையே மருத்துவம் திடீர்க் கல்லீரல் செயலிழப்பு என்கிறது. அரிதான நோய்தான், ஆனால் இளம் வயதினரை, அதுவரை மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்களை அது அதிகம் தாக்குகிறது என்பதும், உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால் முழுமையாகக் குணமாகக்கூடியது என்பதும் அதற்குத் தனி முக்கியத்துவம் தருகின்றன.

ஒருவருக்கு இந்நோய் வந்திருக்கிறது என்று சொல்ல மூன்று கூறுகள் ஒன்றுசேர வேண்டும். அவருக்கு முன்பே நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்திருக்கக் கூடாது. ரத்தம் உறையும் திறன் அளவிடத்தக்க வகையில் குறைந்திருக்க வேண்டும். இவற்றோடு, கல்லீரல் பழுதால் சிந்தனையும் விழிப்புநிலையும் குலையும் மூளைத் தடுமாற்றம் தோன்றியிருக்க வேண்டும். கண் மஞ்சளாவது மட்டும் செயலிழப்பு ஆகாது. சாதாரண மஞ்சள் காமாலையில் கல்லீரல் காயம்பட்டிருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. செயலிழப்பில் அது வேலையை நிறுத்திவிட்டது. இந்த வேறுபாட்டை 1970-இல் டிரே, டேவிட்சன் என்னும் இரு மருத்துவர்கள் வரையறுத்து எழுதியபோது, முதல் அறிகுறி தோன்றிய எட்டு வாரங்களுக்குள் மூளை பாதிக்கப்படுவதை இந்நோயின் அடையாளமாக வைத்ததுடன், இது மீளத்தக்க நிலை என்னும் குறிப்பையும் அந்த வரையறைக்குள்ளேயே சேர்த்தார்கள்.

1993-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் ஓ'கிரேடி குழுவினர் இந்தக் கால அளவை மேலும் நுணுக்கமாகப் பகுத்தனர். மஞ்சள் காமாலை தோன்றி ஏழு நாள்களுக்குள் மூளை தடுமாறினால் அது அதிதீவிர வகை. எட்டு முதல் இருபத்தெட்டு நாள்களுக்குள் என்றால் தீவிர வகை. ஐந்து முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் என்றால் மிதவேக வகை. இந்தப் பகுப்பு ஒரு முரணை வெளிக்கொணர்ந்தது. மின்னல் வேகத்தில் வரும் முதல் வகையில் மூளை வீங்கும் ஆபத்து மிக அதிகம். ஆயினும் அந்த நெருக்கடியைக் கடந்துவிட்டால் கல்லீரல் தானே தேறும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். மெல்ல வரும் மூன்றாம் வகையினர் எழுந்து நடந்து, பேசிக்கொண்டிருக்கும்போது பயமுறுத்தாதவர்களாகவே தோன்றுவார்கள். மாற்று அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைப்பவர்களோ அவர்களிடையேதான் மிகக் குறைவு. பார்வைக்குத் தெரியும் நிலைக்கும் உண்மையான ஆபத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி, இந்நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப வரும். இந்நோயைப் புரிந்துகொள்வதும் அதற்குச் சிகிச்சை அளிப்பதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில் ஏமாறாமல் இருப்பதைப் பொறுத்தவை.

கல்லீரல் நின்றால் எவையெல்லாம் நிற்கும்

வளர்ந்த ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை கொண்டது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம், அதாவது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதன் வழியே செல்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியாக வந்து சேர்வதால், உணவிலும் குடலிலும் உள்ள பெரும்பாலானவை உடலின் மற்ற பகுதிகளை அடையும் முன்பு கல்லீரலைத் தாண்டியாக வேண்டும். குடல் அனுப்பும் சர்க்கரையைச் சேமித்துப் பட்டினி நேரத்தில் விடுவிப்பது, புரதச் சிதைவில் உண்டாகும் அமோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புவது, ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது, மருந்துகளைச் சிதைப்பது, தசைகள் வெளியிடும் லாக்டிக் அமிலத்தை மீட்டெடுப்பது, குடலிலிருந்து கசிந்துவரும் பாக்டீரியாக்களைத் தனக்குள் தங்கியிருக்கும் கப்ஃபர் செல்களால் விழுங்கவைப்பது ஆகிய அனைத்தும் இந்த ஓர் உறுப்பின் பொறுப்பு.

ஆகவே கல்லீரல் நிற்கும்போது ஒரு நோய் வருவதில்லை, பல நோய்கள் ஒருசேர வருகின்றன. சேமிப்புச் சர்க்கரை தீர்ந்து ரத்தச் சர்க்கரை சரிகிறது, அமோனியா ஏறுகிறது, ரத்தத்தில் அமிலம் சேர்கிறது, ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது, சிறுநீரகம் தொடர்ந்து பழுதாகிறது, காவல் குலைந்ததால் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் ரத்தத்தில் கலக்கின்றன. இந்நோயில் இறப்பவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது மூளை வீக்கமோ, தொற்றோ, பல உறுப்புகளின் கூட்டுச் செயலிழப்போதான்.

எது முதலில் குறைகிறது என்பதைப் பார்த்தால் நோயறிதலின் அடிப்படையும் விளங்கும். கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் என்னும் புரதம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இருபது நாள்கள் ஆகும். ஆதலால் கல்லீரல் முழுதும் நின்ற முதல் வாரத்திலும் ஆல்புமின் பரிசோதனை ஓரளவு சரியாகவே இருக்கும். ரத்தம் உறைவதற்கான ஏழாம் காரணிப் புரதமோ சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். கல்லீரல் இன்று காலை உற்பத்தியை நிறுத்தினால் மாலைக்குள் அதன் பற்றாக்குறை தெரியத் தொடங்கும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை இயல்பான நேரத்தோடு ஒப்பிட்டுக் கூறும் ஐ.என்.ஆர். என்னும் எண், இதனால்தான் கல்லீரலின் அன்றாட நிலையைச் சொல்லும் மிக நம்பகமான அளவுகோலாகிறது. இயல்பில் 1-ஐ ஒட்டி இருக்கும் இந்த எண் 1.5-ஐத் தொட்டால் கல்லீரலின் உற்பத்தி தடுமாறுகிறது என்று பொருள். மூளைத் தடுமாற்றமும் சேர்ந்துவிட்டால் நோயின் வரையறை முழுமையடைந்துவிடுகிறது.

நீர், மாத்திரை, நஞ்சு

இந்நோயின் காரணங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளில் அசுத்த நீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் முன்னிலை வகிக்க, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பாராசிட்டமால் மாத்திரையின் மிகையளவே முதல் காரணமாக உள்ளது.

1955 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் டெல்லியில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. யமுனை ஆற்றில் குடிநீர் எடுக்கும் இடத்தில் கழிவுநீர் கலந்ததே அதற்குக் காரணம். அன்று ஹெபடைடிஸ் ஏ என்று கருதப்பட்ட அந்தக் கொள்ளைநோய், பாதுகாத்து வைக்கப்பட்ட ரத்த மாதிரிகளைப் பின்னாளில் பரிசோதித்தபோது வேறொரு வைரஸின் வேலை என்று தெரியவந்தது. 1978-இல் காஷ்மீரில் பரவிய இதே போன்ற காமாலையை ஆராய்ந்த மருத்துவர் குரூ, இது தனி நோய் என்று வாதிட்டார். 1983-இல் சோவியத் ஆய்வாளர் மிகாயில் பலயன், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கலவையைத் தாமே உட்கொண்டு நோயுற்று, தம் மலத்தில் அந்த வைரஸை மின்னணு நுண்ணோக்கி வழியே காட்டினார். இன்று ஹெபடைடிஸ் ஈ என்று அறியப்படும் அது, பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் கருவுற்ற பெண்களிடம், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், ஐந்தில் ஒருவர் வரை உயிரிழக்கும் அளவுக்குக் கொடுமை காட்டும். கர்ப்பிணி ஒருவருக்குக் காமாலை வந்தால் வீட்டில் வைத்துப் பத்தியம் பார்க்கும் வழக்கம் இங்கே உயிரோடு விளையாடுவதாகிவிடும்.

ஹெபடைடிஸ் பி மற்றொரு வழியில் தாக்குகிறது. அந்த வைரஸ் பல ஆண்டுகளாக ஓசையின்றி உடலில் தங்கியிருப்பவருக்குப் புற்றுநோய்க்கான கீமோதெரபியோ, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளோ தரப்பட்டால், அடங்கியிருந்த வைரஸ் பெருகி எழுந்து கல்லீரலை வீழ்த்தக்கூடும். அத்தகைய சிகிச்சைக்கு முன்பு எளிய ரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்து, தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்து கொடுத்தால் இதை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்க்கலாம்.

மருந்துகளில் பாராசிட்டமாலின் கதை வேதியியல் நோக்கில் தெளிவானது. பரிந்துரைத்த அளவில் உட்கொண்டால் கல்லீரல் அதன் பெரும்பகுதியைத் தீங்கற்ற பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. எஞ்சிய சிறு பகுதி மட்டும் செல்லைத் தாக்கவல்ல நச்சுப் பொருளாக மாறும். அதையும் குளூட்டாதயோன் என்னும் காப்புப் பொருள் உடனுக்குடன் பிடித்து முடக்கிவிடும். அளவு மிகும்போது குளூட்டாதயோன் தீர்ந்துபோக, தடுப்பாரற்ற நச்சு கல்லீரல் செல்களின் புரதங்களோடு ஒட்டி அவற்றைக் கொல்கிறது. 1970-களில் எடின்பரோவில் பிரெஸ்காட் குழுவினர் பயன்படுத்திக் காட்டிய அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து, தீர்ந்துபோன குளூட்டாதயோனை மீண்டும் நிரப்புகிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் ஏறக்குறைய எல்லோரையும் அது காப்பாற்றிவிடும். சளி, காய்ச்சல், உடல்வலி என்று தனித்தனிப் பெயரில் விற்கப்படும் பல மருந்துகளிலும் பாராசிட்டமால் இருப்பதை அறியாமல் ஒரே நாளில் அவற்றைச் சேர்த்து உட்கொள்வோரும் உண்டு என்பதால், உறையின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் இங்கே உயிர்காப்புப் பழக்கமாகிறது.

இந்தியாவில் மருந்துவழிச் செயலிழப்புக்கு முக்கியக் காரணம் பாராசிட்டமால் அன்று, காசநோய் மாத்திரைகள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் ஆகிய மூன்றும் கல்லீரலைக் காயப்படுத்தக்கூடியவை. ஆயினும் காசநோயை வெல்ல இவற்றைவிடச் சிறந்த கூட்டு இல்லை. எனவே மருந்தை விடுவது தீர்வாகாது, கண்காணிப்பே தீர்வு. வாந்தி, பசியின்மை, காமாலை போன்ற அறிகுறிகளுடன் கல்லீரல் என்சைம்கள் இயல்பின் மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினாலோ மாத்திரைகளை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும் என்பது பொது விதி. குமட்டலை மருந்தின் இயல்பான தொல்லை என்று பொறுத்துக்கொண்டு, காமாலை வந்த பிறகும் சில நாள்கள் தொடர்ந்து விழுங்குவோரிடமே மரணங்கள் மிகுதி.

தமிழ்நாட்டின் மருத்துவமனைகளுக்குத் தனித்துவமான மற்றொரு காரணமும் நன்கு பழக்கமானது. குழாய்களில் பசை வடிவில் விற்கப்பட்டுவந்த எலிமருந்தின் நஞ்சு மஞ்சள் பாஸ்பரஸ். அதை விழுங்கியவருக்கு முதல் நாள் வாந்தியும் வயிற்றெரிச்சலும் வரும். அடுத்த ஓரிரு நாள்கள் எல்லாம் அடங்கி, நோயாளி நலமாகிவிட்டதாகவே தோன்றும். மூன்றாம் நாளுக்குப் பிறகு காமாலையும் ரத்தக்கசிவும் தொடங்கும். நடுவில் வரும் அந்த அமைதியைத் தேறுதல் என்று எண்ணி வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள், மீண்டும் கொண்டுவரப்படும்போது நிலைமை கைமீறியிருக்கும். இதற்கு முறிமருந்து இல்லை. ஆகவே இந்த நஞ்சைத் தொட்ட எவரும், எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், பல நாள்கள் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைகளோடு கண்காணிக்கப்பட வேண்டும். மாநில அரசு இந்தப் பசையின் விற்பனைக்குத் தடை விதித்ததன் பின்னணியில் இங்குள்ள கல்லீரல் மருத்துவர்களின் தொடர் எச்சரிக்கை இருந்தது.

வில்சன் நோய் என்னும் செம்புத் தேக்கம், உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு ஹெபடைடிஸ், கர்ப்பகாலக் கொழுப்புக் கல்லீரல், கல்லீரல் சிரைகளின் அடைப்பு, நச்சுக் காளான், வெப்பத்தாக்கு ஆகியவையும் காரணப் பட்டியலில் உண்டு. டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் ஆகியவை கல்லீரலையும் மூளையையும் ஒருசேரத் தாக்கி இந்நோயைப் போலவே தோற்றம் தரக்கூடும் என்பதால், வெப்பமண்டல நாடுகளில் அவற்றை முதலில் விலக்கியாக வேண்டும். அவற்றுக்கான சிகிச்சை வேறு, கல்லீரல் மாற்று அவற்றுக்கு விடையாகாது.

மூளை ஏன் தடுமாறுகிறது

கல்லீரலுக்கும் அறிவுத் தெளிவுக்கும் உள்ள தொடர்பு ஆய்வகத்தில் முதலில் தெரிந்தது நாய்களிடம். 1877-இல் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் எக், போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்குச் செல்லவிடாமல் உடலின் பெருஞ்சிரையோடு நேரடியாக இணைத்தார். அதே முறையைக் கையாண்ட பாவ்லோவும் நென்ஸ்கியும் உள்ளிட்ட குழுவினர், அத்தகைய நாய்கள் இறைச்சி தின்றதும் தள்ளாடி, குணம் மாறி, மயங்கி விழுவதை 1893-இல் பதிவு செய்தனர். இறைச்சியின் புரதத்திலிருந்து பிறந்த அமோனியா, கல்லீரலைச் சந்திக்காமல் மூளையை அடைந்ததே அதற்குக் காரணம்.

மூளையில் அமோனியாவை அகற்றும் பணியை ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவத் துணைச்செல்கள் செய்கின்றன. அவை அமோனியாவைக் குளூட்டமிக் அமிலத்தோடு சேர்த்துக் குளூட்டமைன் ஆக்குகின்றன. செல்லுக்குள் தேங்கும் குளூட்டமைன் நீரை ஈர்க்க, செல் வீங்குகிறது. சிரோசிஸ் எனப்படும் நாள்பட்ட கல்லீரல் சுருக்கத்தில் அமோனியா மெதுவாக ஏறுவதால், அச்செல்கள் வேறு கரைபொருள்களை வெளியேற்றித் தம் கொள்ளளவைச் சமன்செய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. திடீர்ச் செயலிழப்பில் அந்த அவகாசம் இல்லை. விரிய வழியில்லாத மண்டையோட்டுக்குள் மூளை வீங்கும்போது உள்ளழுத்தம் ஏறி, மூளைக்குச் செல்லும் ரத்தமே தடைப்படுகிறது. கடைசியில் மூளையின் அடிப்பகுதி கீழ்நோக்கித் தள்ளப்பட்டு மூச்சு நின்றுவிடுகிறது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அனுமதிக்கப்படும்போதே தமனி ரத்தத்தில் அமோனியா லிட்டருக்கு 124 மைக்ரோமோல் அல்லது அதற்கு மேல் இருந்தவர்களிடம் மரணமும் மூளை வீக்கமும் கணிசமாக மிகுந்திருந்தன.

மருத்துவர்கள் இந்தத் தடுமாற்றத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பது மருத்துவர் அல்லர், வீட்டார். பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பது, எளிய கூட்டல் கழித்தலில் தடுமாறுவது, கையெழுத்து கோணுவது, காரணமில்லாத எரிச்சல் அல்லது சிரிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். இரண்டாம் படியில் நாள், இடம் பற்றிய குழப்பம் வருகிறது. இரு கைகளையும் முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்து வைக்கச் சொன்னால், கைகள் நொடிக்கொரு தரம் தளர்ந்து விழுந்து மீண்டும் நிமிரும். தசைப்பிடிப்பு கணநேரம் அறுந்து அறுந்து திரும்புவதால் உண்டாகும் இந்த அசைவு, படுக்கையருகில் கருவி ஏதுமின்றிப் பார்க்கக்கூடிய மிக முக்கியச் சான்று. மூன்றாம் படியில் நோயாளி எழுப்பினால் மட்டும் விழிப்பார், உளறுவார், சிலர் மூர்க்கமாவர். நான்காம் படி ஆழ்ந்த மயக்கம். முதல் படியிலிருந்து நான்காம் படிக்குச் செல்லச் சில மணி நேரமே போதும் என்பதாலும், குழப்பத்தை அடக்கத் தூக்கமருந்து கொடுத்தால் படிகள் தெரியாமல் மறைந்துவிடும் என்பதாலும், தூக்கமின்மைக்காக மாத்திரை தருவது இங்கே பெருந்தவறு.

எண்களைப் படிக்கும் முறை

கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் குடும்பத்தாரின் கண் முதலில் செல்வது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரு என்சைம்களின் மீது. இறக்கும் கல்லீரல் செல்களிலிருந்து சிந்துபவை இவை. இயல்பில் 40-ஐ ஒட்டி இருப்பவை இந்நோயில் ஆயிரக்கணக்கில் ஏறும். புரிதலுக்காக ஓர் அறிக்கை வரிசையைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் நாள் எஸ்.ஜி.பி.டி. 6,000, காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிரூபின் 5, ஐ.என்.ஆர். 2, மூன்றாம் நாள் முறையே 2,200, 11, 3.4, ஐந்தாம் நாள் 480, 18, 5.2. என்சைம் மட்டும் பார்ப்பவருக்கு நோயாளி தேறுவது போலத் தோன்றும். உண்மையில் எரிய விறகு தீர்ந்துவிட்டதால் புகை அடங்கியிருக்கிறது. சிந்துவதற்குச் செல்கள் மிச்சமில்லை. என்சைமோடு ஐ.என்.ஆரும் சேர்ந்து இறங்கினால்தான் அது தேறுதல். என்சைம் இறங்க, பிலிரூபினும் ஐ.என்.ஆரும் ஏறினால், அத்துடன் ஸ்கேனில் கல்லீரல் சுருங்கியும் தெரிந்தால், அது மாற்று அறுவை சிகிச்சை மையத்துக்கு உடனடியாக அனுப்ப வேண்டிய நிலை.

ஐ.என்.ஆர். எண்ணைச் சுற்றி ஒரு நுட்பமும் உண்டு. ஐ.என்.ஆர். 5 என்று கண்டதும் பிளாஸ்மா ஏற்றி அதை இறக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் கல்லீரல் உறையவைக்கும் புரதங்களை மட்டுமன்றி, உறைதலைத் தடுக்கும் புரதங்களையும் தயாரிக்கிறது. இரண்டும் ஒருசேரக் குறைவதால் இந்நோயாளிகளிடம் தாமாக ரத்தம் கசிவது எண் காட்டும் அளவுக்கு அதிகமில்லை. ரத்தக்கசிவு இல்லாதபோது ஏற்றப்படும் பிளாஸ்மா, நோயாளிக்கு உதவுவதைக் காட்டிலும் மருத்துவருக்கு வழிகாட்டிவந்த எண்ணைப் பொய்யாக்குவதே மிகுதி. வைட்டமின் கே மட்டும் கொடுத்துவிட்டு, கசிவு ஏற்பட்டாலோ ஊடுருவும் சிகிச்சை ஏதேனும் தேவைப்பட்டாலோ மட்டும் பிளாஸ்மாவை நாடுவதே இன்றைய நடைமுறை.

அவகாசம் தேடித் தரும் மருத்துவம்

கல்லீரலுக்கு ஓர் அபூர்வத் திறன் இருக்கிறது. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி நீக்கினால், எஞ்சிய பகுதி ஓரிரு வாரங்களில் பழைய எடையை எட்டிவிடும் என்பதை ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் ஆகியோர் 1931-இல் விவரித்தார்கள். மனிதக் கல்லீரலுக்கும் அந்தத் திறன் உண்டு. எனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்யப்படுபவற்றில் பெரும்பாலானவை கல்லீரலைக் குணப்படுத்துபவை அல்ல. எஞ்சிய செல்கள் பெருகும்வரை மூளையையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காத்து நிற்பவை.

முதற்கண் காரணத்துக்கு மருந்துண்டா என்று பார்க்கப்படும். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன், ஹெபடைடிஸ் பி-க்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து, கர்ப்பகாலக் கொழுப்புக் கல்லீரலுக்கு உடனடிப் பிரசவம் என்பன அந்த வகை. பாராசிட்டமால் அல்லாத காரணங்களிலும் அசிட்டைல்சிஸ்டீன் பயன்படுமா என்று அமெரிக்காவில் 173 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், மூளைத் தடுமாற்றம் முதல் இரு படிகளில் இருந்தபோது அம்மருந்து பெற்றவர்களில் 52 விழுக்காட்டினர் மாற்று அறுவை இன்றியே பிழைத்தனர். பெறாதவர்களில் 30 விழுக்காட்டினரே பிழைத்தனர். மூன்றாம், நான்காம் படிகளை எட்டியவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. ஒரே மருந்து, முன்கூட்டியே கொடுத்தால் பலிப்பதும் பின்பு கொடுத்தால் பலிக்காததும் இந்நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

பிறகு மூளைக்கான காவல். மூன்றாம் படியை எட்டியதும் செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தி வென்டிலேட்டரின் துணையில் வைக்கிறார்கள். தலைப்பக்கம் முப்பது பாகை உயர்த்தப்படுகிறது. காய்ச்சல் வராமலும் இருமல் தூண்டப்படாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். ரத்தத்தின் சோடியத்தை 145 முதல் 150 வரை உயர்த்தி வைத்தால், மூளைச் செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும்; அழுத்தம் திடீரென ஏறினால் மானிடால் என்னும் கரைசல் செலுத்தப்படும். அமோனியாவைக் குறைக்க இன்று மிகவும் நம்பப்படுவது இடைவிடாது மெதுவாக நடக்கும் டயாலிசிஸ். சிறுநீரகம் முற்றிலும் பழுதாகும்வரை காத்திராமல், அமோனியா ஏறும்போதே அதைத் தொடங்கும் மையங்கள் பெருகிவருகின்றன. இவற்றோடு மணிக்கொரு தரம் சர்க்கரை அளவைப் பார்த்தல், ரத்த அழுத்தத்தை நோரட்ரினலின் கொண்டு தாங்குதல், சிறு காய்ச்சலையும் தொற்றின் தொடக்கமாகக் கருதித் தேடுதல் ஆகியவை இரவு பகலாகத் தொடரும்.

பிளாஸ்மா மாற்றம் என்னும் முறை அண்மைக் காலத்தில் கவனம் பெற்றிருக்கிறது. நோயாளியின் பிளாஸ்மாவை இயந்திரத்தின் வழியே பிரித்து நீக்கிவிட்டு, கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஈடாக ஏற்றுவதால், இறந்த செல்கள் வெளியிட்ட அழற்சிப் பொருள்கள் அகற்றப்படுகின்றன. ஐரோப்பாவில் 182 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், மூன்று நாள்கள் பெருமளவில் இவ்வாறு பிளாஸ்மா மாற்றப்பட்டவர்களில் 58.7 விழுக்காட்டினர் உயிருடன் வீடு திரும்பினர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 47.8 விழுக்காட்டினர். எலிமருந்து நச்சில் குறைந்த அளவு பிளாஸ்மா மாற்றத்தைப் பயன்படுத்திய அனுபவத்தை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவுசெய்துள்ளனர். மாற்று அறுவைக்கான செலவை எட்ட முடியாத குடும்பங்கள் மிகுந்த நாட்டில் இதன் பொருள் பெரிது.

மாற்று அறுவை: யாருக்கு, எப்போது

1963-இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் முதல் கல்லீரல் மாற்று அறுவையை முயன்றார். 1967-இல்தான் நோயாளி நெடுநாள் பிழைத்த முதல் வெற்றி கிட்டியது. 1980-களில் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் உடலின் எதிர்ப்பை அடக்கத் தொடங்கிய பிறகு அது நடைமுறைச் சிகிச்சையாயிற்று. திடீர்ச் செயலிழப்பில் அதைப் பற்றி முடிவெடுப்பது மற்ற கல்லீரல் நோய்களைக் காட்டிலும் கடினம். தானே தேறியிருக்கக்கூடியவருக்கு அறுவை செய்தால், தேவையற்ற பெரும் அறுவையையும் வாழ்நாள் முழுதும் மருந்துண்ணும் கட்டாயத்தையும் அவர்மேல் சுமத்தியதாகும். தேறமாட்டாதவருக்குத் தாமதித்தால் மூளை வீக்கமோ தொற்றோ முந்திக்கொண்டு அறுவைக்கே தகுதியற்றவராக்கிவிடும்.

இந்த இக்கட்டுக்குக் கணக்குவழியில் விடை காண 1989-இல் கிங்ஸ் கல்லூரி அளவுகோல்கள் வெளியிடப்பட்டன. பாராசிட்டமால் நச்சில், நீரிழப்பைச் சரிசெய்த பின்னும் ரத்தத்தின் அமிலநிலை எண் 7.3-க்குக் கீழே இருந்தாலோ, ஐ.என்.ஆர். 6.5-க்கு மேலும் சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் 3.4-க்கு மேலும் மூளைத் தடுமாற்றம் மூன்றாம் படிக்குக் குறையாமலும் ஒருசேர அமைந்தாலோ, தானே பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பிற காரணங்களில் ஐ.என்.ஆர். தனியாகவே 6.5-ஐத் தாண்டினால் போதும். அல்லது வயது பத்துக்குக் கீழோ நாற்பதுக்கு மேலோ இருத்தல், மருந்து போன்ற பாதகமான காரணம், காமாலை வந்து ஏழு நாள்களுக்குப் பிறகே மூளை தடுமாறுதல், ஐ.என்.ஆர். 3.5-க்கு மேல், பிலிரூபின் 17.5-க்கு மேல் ஆகிய ஐந்தில் எவையேனும் மூன்று. இந்த அளவுகோல் இறப்பவர்களைச் சரியாகச் சுட்டுவதில் வலுவானது. அதற்குள் வராதவரெல்லாம் பிழைப்பார் என்று உறுதி தருவதில் அவ்வளவு வலுவற்றது. எனவே ஒரே நாள் கணக்கோடு நில்லாமல், நாள்தோறும் திரும்பக் கணக்கிட்டுப் போக்கைப் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெறும் மூளைச்சாவு உறுப்புக் கொடைத் திட்டத்தின் வழியே உறுப்புகள் கிடைத்தாலும், குறிப்பிட்ட ஓரிரு நாள்களுக்குள் பொருத்தமான கல்லீரல் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதனால் உறவினர் ஒருவர் தம் கல்லீரலின் பகுதியைக் கொடுப்பதே இந்தியாவில் பெரும்பாலும் கைகொடுக்கிறது. கொடுப்பவரின் கல்லீரல் மீண்டும் வளர்ந்துவிடும் என்றாலும் அவருக்கான ஆபத்து சிறியதாயினும் இல்லாததன்று. வாரக்கணக்கில் யோசித்து எடுக்க வேண்டிய முடிவைச் சில மணி நேரத்தில் எடுக்கும் நிலை வருவதால், கொடையாளர் அச்சத்திலோ குடும்ப நெருக்கடியிலோ ஒப்புக்கொள்கிறாரா என்பதை, அறுவைக் குழுவைச் சாராத ஒருவர் தனியே பேசித் தெளிவது அவசியம்.

கல்லீரலின் வளர்திறனையே துணைக்கொள்ளும் ஒரு நுட்பமும் இருக்கிறது. துணைக் கல்லீரல் மாற்று எனப்படும் முறையில், நோயாளியின் கல்லீரலில் பகுதியை மட்டும் நீக்கி, அந்த இடத்தில் கொடையாளரின் பகுதியைப் பொருத்துகிறார்கள். சொந்தக் கல்லீரல் மெல்லத் தேறியதும் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் படிப்படியாக நிறுத்தப்படுகின்றன. பொருத்திய பகுதி சுருங்கி ஒதுங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு இது பெரும் வரம். தமிழ்நாட்டில் பிறந்து லண்டனிலும் பின்னர் சென்னையிலும் பணியாற்றிவரும் அறுவை மருத்துவர் முகமது ரேலா, 1997-இல் பிறந்து ஐந்தே நாளான பெண் குழந்தைக்குக் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை செய்து காட்டியது, வயது எவ்வளவு சிறியதாயினும் இந்த வாயில் அடைபடுவதில்லை என்பதை நிறுவியது.

தடுக்கக்கூடியவை

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது தமிழர் வழக்கில் வேரூன்றியது. 1988-இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்போர் பலரிடம் அது வைரஸை அகற்றியதாக லான்செட் இதழில் எழுதியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்த விளைவு மீண்டும் கிட்டவில்லை. ஹெபடைடிஸ் ஏ, ஈ காமாலைகளில் மிகப் பெரும்பாலானவை எதுவும் கொடுக்காவிட்டாலும் தாமே ஆறுபவை. ஆகவே எதைக் கொடுத்தாலும் அதற்கு நற்பெயர் கிட்டும். அந்த நற்பெயரை நம்பி, ஆறாத சிறுபான்மையினர் விலைமதிப்பற்ற முதல் வாரத்தைப் பத்தியத்திலும் கலவை தெரியாத பொடிகளிலும் இழப்பதில்தான் தீங்கு உள்ளது.

கொதிக்கவைத்த குடிநீர், கழிவுநீர் கலவாத குழாய்கள், ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசிகள், காசநோய் மாத்திரை உண்போருக்குக் கல்லீரல் பரிசோதனை ஆகியவை இந்நோயின் பெரும்பகுதியைத் தோன்றாமலே தடுக்கும். பிரிட்டன் 1998-இல் ஓர் உறையில் விற்கத்தக்க பாராசிட்டமால் மாத்திரைகளின் எண்ணிக்கையைச் சட்டத்தால் குறைத்த பிறகு அந்த மாத்திரையால் நிகழும் மரணங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. எலிமருந்துத் தடையும் அதே தர்க்கத்தைச் சார்ந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் மனநெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் சிறு நேரமே நீடிப்பது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாமல் இருப்பதும், 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ தமிழ்நாட்டின் 104 எண்ணிலோ பேச ஒருவர் கிடைப்பதும் உயிர்களைக் காக்கின்றன.

காமாலை வந்த பெரும்பாலோருக்கு ஓய்வும் உணவுமே போதும் என்பதையும், சிலருக்கு மட்டும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதையும் ஒருசேர ஏற்றுக்கொள்வதில்தான் சிக்கல். அந்தச் சிலரைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காமாலையோடு ஓயாத வாந்தி, உறக்கம் மாறுதல், பேச்சில் குழப்பம், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும், நோயாளி கர்ப்பிணியாக இருந்தாலும், அன்றே ஐ.என்.ஆர். பார்க்கப்பட வேண்டும், அது 1.5-ஐத் தாண்டினால், நினைவு தெளிவாக இருக்கும்போதே மாற்று அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு மாற்றப்பட வேண்டும். அங்கே சென்றவர்களில் பலருக்கு அறுவை தேவைப்படாமலே போகலாம். ஆனால் மூளை வீங்கத் தொடங்கிய பிறகு ஆம்புலன்ஸில் நெடுந்தூரம் கொண்டுசெல்லப்படுபவருக்கு, அறுவை தேவையா என்னும் கேள்வியைக் கேட்கவே பெரும்பாலும் நேரம் எஞ்சுவதில்லை.